உஷார்! தினமும் 33 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது

பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறீர்களா? பத்து வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்து முடித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் 1,000. நாளுக்கு 33 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை லீவிலும் அது போகிறது. ஆர்டர் இல்லாமல் மெஷின் ஓடாத நாளிலும் போகிறது. காய்ச்சலில் படுத்துக் கிடக்கும் நாளிலும் போகிறது. டீ டைமில் பேக்கரியில் பஃப்ஸ் வேண்டாம் என்று வெறும் டீயோடு நீங்கள் எழுந்து வருகிறீர்கள். உங்கள் பேரைச் சொல்லி இன்னொருவர் தினமும் அதே பேக்கரியில் 33 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

"அசலைக் கட்ட முடியலைங்க, ஆனா வட்டியை ஒரு மாசம்கூட நிறுத்துனதில்லை" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்பவர்கள் திருப்பூரில் நிறையப் பேர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பத்து மாதம் வட்டி கட்டினால் வாங்கிய பத்தாயிரமும் திரும்பப் போய்விட்டது. கடன் பத்தாயிரம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பதினொன்றாம் மாதமும் 33 ரூபாய் போகும்.

லைன் காசும் அதே மோசம்தான்

"மாச வட்டியெல்லாம் நமக்கு வேண்டாம், லைன்ல வாங்கிக்கலாம்" என்பவர்களும் உஷார். பத்தாயிரம் என்று எழுதி, பிடித்தம் போக 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். "1,500 தானே அதிகம், பதினஞ்சு பர்சென்ட் தானே" என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாயை நூறு நாளும் நீங்கள் வைத்திருக்கவில்லை. மறுநாளே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். பாதி நாளில் பாதிக்குப் பக்கம் திரும்பிப் போயிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி. பத்து வட்டியும் ஆண்டுக்கு 120 சதவீதம்தான். பேர்தான் வேறு.

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைத்தால் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்கிறார்கள். லைன்காரர் நாள் கணக்கில் சொல்கிறார், வட்டிக்காரர் மாதக் கணக்கில் சொல்கிறார். எந்தக் கடனானாலும் முதலில் வருஷத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாத ஆளிடம் கை நீட்டாதீர்கள்.

திருப்பூருக்கு ஏன் கூடுதல் உஷார்?

மாதச் சம்பளக்காரருக்கு மாதம் ஒரு முறை பணம் வருகிறது. நம் ஊரில் சனிக்கிழமைதோறும் வருகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் கை நிறைகிறது, அரை ஷிப்ட் வாரத்தில் காய்கிறது. நிறைந்த வாரத்தை நம்பிக் கடன் வாங்குகிறோம். காய்ந்த வாரத்திலும் தவணை வந்து நிற்கிறது.

ஆர்டர் என்பது நம் கையில் இல்லாத சங்கதி. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பனியன் கம்பெனிகளும் சேர்ந்து தள்ளாடின. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். 2022இல் நூல் விலை ஏறி உற்பத்தியே நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. சில வருஷத்துக்கு ஒரு அடி என்பது இந்த ஊரின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அடுத்த அடி விழும்போது கையில் நான்கு வாரச் செலவுக்குப் பணம் இருந்தால் தாங்கலாம். நான்கு இடத்தில் தவணை இருந்தால்?

தினசரிப் பழக்கம் எப்படிக் கடனை அடைக்கும்?

டீயை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருகிறவருக்கு டீதான் தெம்பு. எந்தப் பத்து ரூபாய் கணக்கில்லாமல் போகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்று: முதலில் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் வீட்டுச் செலவெல்லாம் போக மிஞ்சினால் சேர்க்கலாம் என்று காத்திருந்தால் மிஞ்சாது. நாளுக்கு 40 ரூபாய் வீதம் வாரத்துக்கு 280 ரூபாயை அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். மாதம் 1,200 சேரும்.

இரண்டு: அதை அசலில் அடியுங்கள். 1,000 ரூபாய் வட்டியோடு இந்த 1,200ஐயும் அசலில் கட்டினால் முதல் மாதக் கடைசியில் கடன் 8,800. அடுத்த மாத வட்டி 880தான். மீதி 1,320 அசலுக்குப் போகும். மாதம் 2,200 என்று கட்டிக்கொண்டே வந்தால் ஏழாவது மாதம் சுமார் 815 ரூபாயோடு கடன் தீர்ந்துவிடும். வெறும் வட்டி கட்டியிருந்தால் அதே ஏழு மாதத்தில் 7,000 போயிருக்கும், பத்தாயிரம் அப்படியே நின்றிருக்கும். வித்தியாசம் நாளுக்கு 40 ரூபாய்.

"அசலைப் பிச்சுப் பிச்சு வாங்க மாட்டேன், மொத்தமாக் கொடு" என்று வட்டிக்காரர் சொல்வார். சொல்லத்தான் செய்வார், அவருடைய வருமானமே அசல் தீராமல் இருப்பதில்தான் இருக்கிறது. அப்போது அந்த 1,200ஐ வங்கிக் கணக்கில் சேருங்கள். ஒன்பது மாதத்துக்குள் பத்தாயிரம் சேர்ந்துவிடும். ஒரே மூச்சில் அடைத்துவிட்டு, எழுதிக் கொடுத்த புரோநோட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் கையோடு வாங்கி வாருங்கள். பேப்பர் கைக்கு வராத வரை கடன் தீரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: கட்டும் காசுக்குத் தடம் வையுங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது. முடிந்தவரை ஜிபேயில் அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்றால் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நான்கு: பெரிய வட்டியை முதலில் அடையுங்கள். மளிகைக்கடைப் பாக்கி, மைக்ரோ ஃபைனான்ஸ் குழு லோன், பத்து வட்டி என்று மூன்று இருந்தால், யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கே முதலில் கொடுக்கிறோம். எல்லாத் தவணையும் தவறாமல் போகட்டும். மிச்சம் பிடித்த 40 ரூபாய் மட்டும் எதற்கு வட்டி அதிகமோ அங்கே போகட்டும்.

ஐந்து: ரொட்டேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு குழு லோனை அடைக்க இன்னொரு குழு லோன், அதை அடைக்க காண்ட்ராக்டரிடம் அட்வான்ஸ். கூலி உயர்வு கேட்கும் வாயை அட்வான்ஸ் அடைத்துவிடும், வேறு பவர்டேபிள் யூனிட்டுக்கு மாறும் காலையும் கட்டிவிடும். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு மாற்றம்தான் லாபம்: பத்து வட்டியை அடைக்க வங்கியில் நகைக்கடன்.

ஆறு: போனஸைப் பிரித்து வையுங்கள். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். ஒரு வருஷத்தில் மொத்தமாகக் கைக்கு வரும் ஒரே பணம் அது. தீபாவளித் துணிமணிக்கும் பட்டாசுக்கும் முன்னால் பாதியைக் கடனில் போட்டுவிடுங்கள்.

ஏழு: வைத்தியச் செலவில் ஏமாறாதீர்கள். கடனுக்குப் பெரிய வாசல் ஆஸ்பத்திரிதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. நம்பர் தெரியாதவர்கள் நாளைக்கே ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். பீஸ்ரேட்டில் பேர் பதியாமல் தைப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையாவது எடுத்து வையுங்கள்.

சேர்த்த காசுக்கும் ஆள் காத்திருக்கிறது

இதுதான் இரண்டாவது எச்சரிக்கை. கடன் வாங்கியவனைவிட, கடனை அடைக்கக் காசு சேர்ப்பவனை ஏமாற்றுவது எளிது. அவன் அவசரத்தில் இருக்கிறான்.

பாசி ஃபாரெக்ஸ் பேர் திருப்பூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்நியச் செலாவணி வியாபாரத்தில் கொழுத்த லாபம் தருவதாகச் சொல்லி 2008, 2009 வாக்கில் இதே ஊரில் கடை விரித்தார்கள். சுமார் 930 கோடி ரூபாய் போனது. வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போய், கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது 2022 ஆகஸ்டில். பணம் போட்ட நாளிலிருந்து பதின்மூன்று வருஷம்! பக்கத்துப் பெருந்துறையில் ஈமு கோழிக் கம்பெனி கவிழ்ந்தது 2012இல். கோழியானாலும் டாலரானாலும் ஆசை காட்டும் வார்த்தை ஒன்றுதான்: "போட்ட காசு டபுளாகும்."

ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் சேர்ப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பதிவு பண்ணியிருக்கீங்களா?" 1982ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி சீட்டு பதிவாளரிடம் அனுமதி வாங்கித்தான் நடத்த வேண்டும். "நம்ம லைன் வீட்டு அக்காதான் பிடிக்குது" என்பது பதிவு ஆகாது. அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆறு பேர் தவணை நிறுத்தினால் அக்காவே ராத்திரியோடு ராத்திரி ஊரைவிட்டுப் போக வேண்டி வரும்.

லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003இலேயே தடை செய்தாயிற்று. ஆனாலும் மூணு நம்பர் லாட்டரி என்று துண்டுச் சீட்டு இன்னும் கைமாறுகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. கடனை ஒரே நாளில் அடைக்கலாம் என்று சூதாடப் போனவர் இரண்டாவது கடனோடுதான் எழுந்து வருவார்.

போனில் வரும் லோன் ஆப் எல்லாவற்றையும்விட விஷம். ஆதாரும் செல்ஃபியும் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பணம் என்பார்கள். உங்கள் போனிலுள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கடன் ஆப்புக்கு அனுமதியில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்கும் ஆப்பை அந்த நிமிஷமே அழித்துவிடுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது, அதில் இல்லாத பேரைத் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்கு அடியுங்கள்.

மிரட்டினால் பயப்படாதீர்கள்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் கந்துவட்டித் தொந்தரவு தாங்காமல் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். நால்வரும் பிழைக்கவில்லை. வாங்கியது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு, கட்டியது இரண்டு லட்சத்துக்கும் மேல், அப்போதும் கடன் தீரவில்லை என்று செய்திகள் சொல்லின. அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2025இல் மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது.

குழு லோன் வசூலுக்கும் வரம்பு இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதியில்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கம் கேட்கத் திட்டினால் போனில் பதிவு செய்யுங்கள், காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மனசு இருண்டு போகும் நேரத்தில் 104, 14416 இரண்டு நம்பரிலும் பேச ஆள் இருக்கிறார்கள். காசு கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை சம்பளக் கவரோடு ஒரு நோட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்காரரோ பக்கத்தில் உட்காரட்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய கடன்தான் முதலில் குடும்பத்தை உடைக்கும். யாரிடம், எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு எல்லாக் கடனையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் மொத்தத்தைப் பார்த்துப் பயம் வரும். வரட்டும். நாளுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று தெரியும்.