காது தொங்கிய முயல்

'கையெழுத்து ஒத்துப்போகலையே சார்' என்று பாங்க்கில் செக்கைத் திருப்பித் தந்தபோது, அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஹெட் கிளார்க்காக ஃபைல் ஃபைலாகக் கையெழுத்துப் போட்டு ரிட்டையரான மனுஷர். இப்போது எழுத்து எறும்பாகச் சுருங்கிவிட்டது. மடியில் சும்மா கிடக்கும் கை, சதா பீடி சுற்றுகிறது. (அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது!)

'பார்க்கின்ஸன்' என்றார் டாக்டர். லெவோடோபா மாத்திரை எழுதினார். சில வாரங்களில் அப்பா தானே சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டார். இது எப்படி என்று துருவினால், பின்னணியில் ஒரு முயல்!

கதை நம்ம ஊர் சர்ப்பகந்தா வேரில் ஆரம்பிக்கிறது. பைத்தியத்துக்குத் தரப்பட்டுவந்த அந்த வேர் ரத்தக் கொதிப்புக்கும் ஆகும் என்று 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரிஸர்பினைப் பிரித்தெடுத்தது. பிரஷர் இறங்கியது. ஆனால், சிலருக்குக் கை நடுங்கி, உடம்பு விறைத்தது.

ஏன்? ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு ரிஸர்பின் கொடுத்துப் பார்த்தார். காதைத் தொங்கப்போட்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டன. நரம்புகள் ஒன்றோடொன்று பேச உதவும் ரசாயனங்களை நரம்பு முனைகளில் குட்டி டப்பாக்களில் சேமித்திருப்போம். ரிஸர்பின் அந்த டப்பாக்களைக் காலி பண்ணிவிடுகிறது. காலியானது செரடோனினா, நாரட்ரினலினா? 1957-ல் கார்ல்ஸன், நாரட்ரினலினுக்குக் கச்சாப் பொருளான டோபாவைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் முயல் காதை நிமிர்த்தி ஓட ஆரம்பித்தது. மூளையைச் சோதித்தால், நாரட்ரினலின் ஏறவே இல்லை! ஏறியிருந்தது டோபமின். அதுவரை வெறும் இடைச்சரக்கு என்று யாரும் சட்டை பண்ணாத ஆசாமி.

1960-ல் லண்டனில் கூடிய பெரிய தலைகள் இதை நம்பவில்லை. அதே வருஷம் வியன்னாவில் ஹார்னிகீவிச், பார்க்கின்ஸனில் இறந்தவர்களின் மூளையைப் பார்த்தார். டோபமின் வற்றிக்கிடந்தது. 1961-ல் நோயாளிகளுக்கு டோபா ஊசி. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கார்ல்ஸனுக்கு நோபல் கிடைக்க 2000 வரை ஆனது.

நேரடியாக டோபமினையே தரக்கூடாதா என்று கேட்டேன். மூளை வாசலில் இருக்கிற கூர்க்கா அதை உள்ளே விடமாட்டானாம். டோபாவை விடுவான். உள்ளே போய் அது டோபமினாகும்.

பூரண குணமெல்லாம் இல்லை. அடுத்த வேளை மாத்திரை நெருங்கும்போது அப்பா மறுபடி பீடி சுற்றுகிறார். வருஷம் போகப் போக மருந்தே உடம்பை நெளிய வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாங்க்குக்குக் கூட்டிப்போகிறேன்.

போன வாரம் செக் பாஸாகிவிட்டது. 'அந்த முயலுக்கு ஒரு கேரட் வாங்கிப் போடுடா' என்றார் அப்பா.