பெயர் வாசித்தவன்

பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் எங்கள் வகுப்புக்கு நான்தான் லீடர். சாக்பீஸ் எடுத்து வருவது, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது, சார் வராத பீரியடில் வகுப்பை அமைதியாக வைத்திருப்பது என்று சில்லறை அதிகாரங்கள். ஒருநாள் வகுப்பாசிரியர் ஒரு தாளைக் கொடுத்து, 'இதுல இருக்கவங்கள எந்திரிக்கச் சொல்லு. சாதிச் சான்று, வருமானச் சான்று ஜெராக்ஸ் நாளைக்கு வந்தாகணும்' என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். ஆதிதிராவிட மாணவர்களுக்கான உதவித்தொகைப் பட்டியல் அது. 11 பெயர்கள். வாசித்தேன். 11 பேரும் எழுந்து நின்றார்கள். 7ஆவது பெயர், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவனுடையது.

அவன் சாதி எனக்கு முன்பே தெரியாதா என்றால், தெரியும். என்னுடையது அவனுக்கும் தெரியும். எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் போதும், மற்றதைக் கேட்கிறவர்களே முடித்துக்கொள்வார்கள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, 52 பேர் முன்னால் வாசிக்கப்படுவது வேறு. மறுநாள் அவன் இரண்டு பெஞ்ச் தள்ளிப் போய் உட்கார்ந்தான். 'ஏம்ல, அது சார் எழுதுன லிஸ்ட்தான?' என்று கேட்டேன். 'எழுதுனது யாரோ. எனக்கு உன் சத்தந்தான கேட்டுச்சு' என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை. நான் இன்னும் பள்ளி மாணவன்தான். கோட்பாடு படித்தவனில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பைண்டு செய்து கிடந்த பழைய சிறுபத்திரிகைகளிலிருந்து சில சொற்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். தப்பாகப் பிடித்திருந்தால் தோழர்கள் திருத்தலாம்.

1

காலாண்டுத் தேர்வில் அவன் மார்க் இறங்கியது. 'தாழ்வு மனப்பான்மை' என்றார்கள் ஆசிரியர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். 'உன் மனசுதான் உனக்கு எதிரி, அதை ஜெயிச்சா எல்லாத்தையும் ஜெயிச்ச மாதிரி' என்று மைக்கில் இரண்டு மணி நேரம் முழங்கினார். எல்லோரும் கை தட்டினோம். அவனும்தான்.

'தாழ்வு மனப்பான்மை' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதில் தாழ்ந்தவன் இருக்கிறான், தாழ்த்தியவன் இல்லை. நோய் இருக்கிறது, நோய் வந்த வழி இல்லை. ஒரு வகுப்பறைக்குள் 52 பேருக்கிடையில் நடந்த ஒன்று, ஒரே ஒருவனுடைய மண்டைக்குள் நடந்ததாக மாற்றிச் சொல்லப்படுகிறது. உளவியல் என்ற பெயரில் நம் பள்ளிகளுக்குள் வருவது பெரும்பாலும் இந்த மாற்றிச் சொல்லல்தான்.

உளவியல் என்றாலே இப்படித்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளிவந்த தன் உளவியல் நூலில், ஒரு மனிதனை எத்தனை பேர் அடையாளம் காண்கிறார்களோ அத்தனை சமூகத் 'தன்'கள் அவனுக்கு உண்டு என்ற பொருளில் எழுதினார். அதாவது என்னுடைய 'நான்', பாதிக்குமேல் பிறர் கண்ணில் இருக்கிறது. மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான் இதை இன்னும் கடுமையாக்கினார். 1952இல் வெளியான தன் முதல் நூலில், கறுப்பு மனிதனின் தாழ்வுணர்ச்சியைத் தனிமனித வரலாற்றுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது, அதன் வேர் சமூகத்தில், பொருளாதாரத்தில் இருக்கிறது, அதுதான் தோலுக்குள் இறங்குகிறது என்று காட்டினார். 1953 முதல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர், 1956இல் அந்த வேலையை விட்டு விலகினார். மனிதர்களை நோயாளியாக்குகிற ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நோயாளியை மட்டும் 'சரிசெய்து' அனுப்புவதில் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை.

2

இதெல்லாம் வெறும் தத்துவம் என்று சொல்லக்கூடியவர்களுக்காக ஒரு சோதனை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடத்தியது. முடிவுகள் 2004இலும் 2006இலும் வெளிவந்தன. மேல்சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். எல்லாம் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். தாளில் வரைந்த புதிர்ப் பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், சரியான விடைக்குக் காசு உண்டு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்தார்கள். வேறு குழுக்களில், ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே மாதிரிப் புதிரைக் கொடுத்தார்கள். அந்தக் குழுக்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் மதிப்பெண் கணிசமாகக் குறைவாக இருந்தது.

யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவே. வாசிக்காத இடத்தில் இருந்த அறிவு இங்கே எங்கே போயிற்று?

இதே ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்தபோது மேல்சாதிப் பையன்களின் செயல்பாடும் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். பிறப்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடும் என்று ஆன இடத்தில் எதற்கு மூளையைக் கசக்க வேண்டும் என்கிற மாதிரி. ஆக, 'தன்' என்பது இரண்டு பக்கமும் செய்யப்படுகிறது. எழுந்து நிற்கிறவனுக்கும், உட்கார்ந்தே இருக்கிறவனுக்கும்.

3

லூயி அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் கூப்பிடுகிறான். தன்னைத்தான் என்று அவன் திரும்புகிறான். திரும்பிய அந்தக் கணத்தில் அவன் 'தன்னிலை' ஆகிறான். கருத்தியல் இப்படித்தான் ஆட்களைப் பிடிக்கிறது, அதற்கு முக்கியமான இடம் பள்ளிக்கூடம் என்கிறார் அவர். எங்கள் வகுப்பில் நடந்ததற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் எனக்கு இடறுவது வேறொன்று. கூப்பிடப்பட்டவனைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கூப்பிட்டவன்?

'லீடர்' என்று என்னையும் ஒருவர் கூப்பிட்டிருந்தார். நானும் சந்தோஷமாகத் திரும்பியிருந்தேன். தாளை நீட்டியபோது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அதிகாரம் என்னை மிரட்டவில்லை, கௌரவப்படுத்தியது. அப்புறம் அன்றைக்கு உட்கார்ந்தே இருந்த 41 பேர். எங்கள் பெயர்கள் வாசிக்கப்படவே இல்லை. வாசிக்கப்படாததால் எங்களுக்குச் சாதி இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் 'எஸ்.சி. பையன்கள்', நாங்கள் வெறும் 'பையன்கள்'. இத்தனைக்கும் அப்போது என் கையில் எங்கள் ஆட்கள் கட்டுகிற கலர்க் கயிறு இருந்தது. கோயில் கயிறு என்று சொல்லிக்கொள்வேன்.

4

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டக் கூடாது, அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. மேம்போக்கானவை என்று சிலர் சொன்னார்கள். வாசித்த ஒருவனாகச் சொல்கிறேன், பதிவேடு மேம்போக்கான சாமான் இல்லை.

கயிற்றை அறுத்துவிட்டேன். பிளேடு போதும், அது சுலபம். இந்த வருஷம் வகுப்பாசிரியரிடம் போய், உதவித்தொகைக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன சார் என்று கேட்டேன். 'உதவித்தொகை வாங்குறதுல என்னடா வெக்கம்?' என்றார். வாங்குவதில் வெட்கமே இல்லை சார், அது உரிமை. எழுந்து நிற்கும்போது திரும்பிப் பார்க்கிற 41 ஜோடிக் கண்களில்தான் அந்த வெட்கம் தயாராகிறது. இதை அவரிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை லிஸ்ட் வகுப்புக்கு வரவில்லை. ஒவ்வொருவராக ஆபீசுக்குப் போய் வந்தார்கள்.

அவன் இப்போதும் இரண்டு பெஞ்ச் தள்ளித்தான் உட்காருகிறான். பேசுகிறான். இந்தக் கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'எம் பேரு போடலல்ல, நல்லது' என்றான். பிறகு, 'எங்க சாதியத்தான ஊருக்கே வாசிச்ச. உன் சாதி இதுல எங்கல இருக்கு?' என்று கேட்டான்.

கயிறு பற்றிய இடத்தில் அதை எழுதினேன். பெருமையடிக்கிற மாதிரி இருந்தது, அடித்தேன். மறுபடி எழுதினேன், பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அனுப்புகிற இந்தப் பிரதியில் அது இல்லை. வாசிக்கப்படாமல் இருப்பதன் சுகத்தை நான் இன்னும் விடவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.