மகள் சைக்கிளில், நான் ஜீப்பில்!

மேட்டில் சைக்கிள் மிதிப்பது என்றால் என்னவென்றே எங்கள் தேங்காய்த்திட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் கழிமுகமும் அலையாத்திச் செடிகளும், நடுவில் தென்னையும் வீடுகளும். உள்ளங்கை மாதிரித் தட்டையான ஊர். மரப்பாலம் வரை காய்கறி வாங்க நான் சைக்கிளில்தான் போகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியதெல்லாம் எதிர்க்காற்று அடிக்கும்போதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "அம்மா, நான் இமயமலையில ஸ்பிதி வரைக்கும் சைக்கிள்ல போகப் போறேன்" என்று இருபத்தாறு வயசுப் பெண் சொன்னால் வீடு என்ன பாடுபடும், யோசித்துப் பாருங்கள்! "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, கை கால் போச்சுன்னா யாருடி கட்டிப்பான்?" என்று அவள் ஆயா அழவே ஆரம்பித்துவிட்டார். அவள் அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வழக்கம் போல விஷயம் என் தலையில் விழுந்தது.

எனக்கும் பயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயப்படலாமே என்று, அவளை எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் விழுவதைப் பற்றித்தான் டாக்டரம்மா பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

காரணம் எளிதுதான். மலை மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. 4,500 மீட்டர் உயரத்தில், அதாவது பதினாலாயிரம் அடிக்கும் மேலே, ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் அறுபது சதவீதம்கூட இருக்காது. கிடைக்கிற அந்தக் கொஞ்சத்தையும் உடம்பு முழுக்கச் சுமந்து போகிற வேலை ஹீமோகுளோபினுடையது. சுமக்கிற ஆளே குறைவாக இருந்தால்?

என் மகளுக்கு 9.1 இருந்தது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. பார்க்க நன்றாக வாட்டசாட்டமாக இருப்பாள், தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள், ஒரு நாள் படுத்துக் கிடந்ததில்லை. "தட்டையான ரோட்டில் இதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். மலை ஒப்பேற்ற விடாது" என்றார் டாக்டரம்மா. பிறகு மாதவிலக்கைப் பற்றி நிதானமாகக் கேட்டார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா? "எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான் டாக்டர்" என்று இவள் சொன்ன பதிலில்தான் விஷயமே இருந்தது. அதிகப்படியான உதிரப்போக்கை நம்மில் பலர் குடும்ப வழக்கம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பாதிப் பேருக்கு மேல். மலைக்குப் போகாதவர்களும் இதில் சேர்த்திதான், சகோதரிகளே! மாடிப்படி ஏறினால் படபடப்பு, சாயங்காலமானால் அசதி, காரணமில்லாத எரிச்சல்... வயசாகிறது என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். அன்றைக்கே நானும் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு 10.4.

2022 ஜூன் மாதக் குழுவோடு போக அவள் பெயர் கொடுத்திருந்தாள். டாக்டரம்மா கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் பெண்ணும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கேன்னு நான் சொல்றேன், காகிதத்தை நம்புறியே!" என்று அவளுக்குக் கோபம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. உதிரப்போக்குக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. இரும்புச்சத்து மாத்திரை தினமும், அதோடு எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காய். மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் காபி, டீ கிடையாது. அவை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக்கூடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் உண்டு. ஆனால் 9.1ஐக் கீரை மட்டும் தூக்கி நிறுத்திவிடாது. மாத்திரை வேண்டும் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் பார்த்தபோது 12.3. செப்டம்பர் குழுவில் இடம் கிடைத்தது. சாமான் ஏற்றிவரும் ஜீப்பில் ஒரு சீட் காலியாக இருந்தது. விடுவேனா? ஏறிக்கொண்டேன்.

இந்தச் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டாமல்பயஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை விட்டு விளையாடினார்கள். இறங்குகிற சூட்டில் பின்சக்கரத்துப் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து போகுமாம். ஒவ்வொரு தடவையும் புதுசாக அடைக்க வேண்டுமாம். அந்த விளையாட்டு 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம்பிடித்துவிட்டது. டயர் இரண்டு அங்குலத்துக்கும் அகலம், தரையைக் கவ்வ முண்டு முண்டாக ரப்பர், முன்னால் அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங், ஏற்றத்துக்கென்று மிகச் சின்ன கியர். இவ்வளவுதான் நம் சைக்கிளுக்கும் அதற்கும் வித்தியாசம். நம் நாட்டில் சிம்லாவைச் சுற்றியே 2005 முதல் இமயமலைச் சைக்கிள் பந்தயம் நடந்திருக்கிறது.

தட்டையான ஊர்க்காரிக்கு ஏற்றப் பழக்கம் வேண்டுமே. முதலில் ஆரோவில். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேலே ஏறினால் செம்மண் பாதைகள், மழை அரித்த பள்ளங்கள், வேர்கள், சரளைக்கல். மேடு சின்னதுதான், ஆனால் சறுக்குகிற மண்ணில் பிரேக் பிடிக்கப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற, பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சறுக்கல். இரண்டையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு. "மேடு வந்தப்புறம் கியர் மாத்தாதே, வர்றதுக்கு முன்னாடி மாத்து" என்பது அவள் அங்கே கற்ற பாடம்.

ஸ்பிதிக்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து போனால் சுமார் 200 கிலோமீட்டர், குறுக்கு வழி. சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாகப் போனால் காஜா 420 கிலோமீட்டர் போல வரும். எங்கள் வழிகாட்டி சுற்று வழியைத்தான் பிடித்தார். நார்கண்டா 2,700 மீட்டர், அங்கிருந்து சட்லெஜ் நதிக்கரையில் ராம்பூருக்கு இறக்கம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ரெக்காங் பியோ, நாகோ, தாபோ, காஜா. ஒன்பது நாள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்குகிற இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு தரம் ஓய்வு என்பது மலை வைத்தியக் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும் ராத்திரி இறங்கி வந்து தூங்கினால் நல்லது.

கின்னோர்ப் பாதையில் மலையையே குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை மாதிரிப் பாறை, கீழே கலங்கலாக சட்லெஜ். நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை, பொய் சொல்வானேன்! நாகோவைத் தாண்டியதும் மரமே இல்லை. மண் நிறத்தில், சாம்பல் நிறத்தில், ஊதா நிறத்தில் வெறும் மலை. தாபோ மடம் கி.பி. 996ல் கட்டியதாம். நம் ராஜராஜ சோழன் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்த காலம்! மண் சுவர்தான், உள்ளே போனால் சுவர் முழுக்கச் சித்திரம். அங்கே என் மகள் வெறும் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவே இல்லை. அசதியோ பக்தியோ, நான் கேட்கவில்லை.

காஜா 3,650 மீட்டர். அங்கேதான் அந்த ராத்திரி.

காஜாவில் ஒரு பையன் குழுவில் சேர்ந்துகொண்டான். மாரத்தான் ஓடுகிறவன், இரும்புத் தூண் மாதிரி உடம்பு. லீவு இல்லை என்று மணாலியிலிருந்து ஒரே நாளில் ஜீப்பில் வந்து இறங்கினான். மறுநாளே எல்லோரோடும் ஹிக்கிம் கிராமத்துக்கு மிதித்தான். அங்கே சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது, 1983லிருந்து. என் மகள் ஆயாவுக்கு ஒரு கார்டு போட்டாள். இவன்தான் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தான். காலையிலிருந்தே தலைவலியாம். வெளியே சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் எதிரில் கேவலம் என்று நினைத்தானோ என்னவோ!

காஜா திரும்பியதும் சாப்பாடு வேண்டாம் என்றான். வாந்தி எடுத்தான். "கேஸ் டிரபிள் ஆன்ட்டி" என்றான். டாக்டரம்மா எனக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். உயரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினாலோ, விடியும் வரை காத்திருக்கக்கூடாது. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். நான் தரையில் பலகை இணைந்திருந்த கோட்டைக் காட்டி, "தம்பி, இதுமேல குதிகாலை விரலோட ஒட்டி வச்சு நட, பார்ப்போம்" என்றேன். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தான். குடித்தவன் மாதிரி இருந்தது நடை.

வழிகாட்டி தயங்கவில்லை. காஜா ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள், ஊசி போட்டார்கள். உடனே ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். தாபோ தாண்டி இன்னும் கீழே இறங்க இறங்கத் தெளிந்துவிட்டான் என்று மறுநாள் போன் வந்தது. ஜீப் திரும்பி வர இரண்டு நாள். குழுவில் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். என் மகள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஜூன்ல நான் வந்திருந்தா இந்த மாதிரிதான் ஆகியிருக்குமாம்மா?" என்றாள். ரத்தம் சரியாக இருப்பவர்களுக்கும் வேகமாக ஏறினால் இது வரும். ரத்தமும் குறைந்திருந்தால் மிதிக்கிற தெம்பும் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஜீப் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று நானும் கீ மடத்துப் பாதையில் நாலு கிலோமீட்டர் சைக்கிள் விட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்றேன். கௌரவமாகத்தான் நின்றேன்.

சமையல் விஷயம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது எனக்கு. நாலாயிரம் மீட்டரில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர வேகாது! திறந்த பாத்திரத்தில் பருப்பு நாள் முழுக்க வைத்தாலும் கல்தான். நான் கையோடு கொண்டுபோன சின்ன குக்கருக்குக் குழு முழுவதும் ரசிகர்களாகிவிட்டார்கள். வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவு, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை நன்றாகக் கைகொடுத்தன. குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சு வழியாகவே தண்ணீர் போய்விடும். சிறுநீர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

பெண்களுக்கென்று இன்னும் சில. இடுப்பெலும்பு நமக்கு அகலம் என்பதால் ஆண்கள் சீட் பெரும்பாலும் பொருந்தாது. கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கருக்கு உள்ளே உள்ளாடை போடக்கூடாது. தையல் உராய்ந்து புண் வரும். தினமும் கழுவி நன்றாகக் காய்ந்ததைத்தான் மறுநாள் போட வேண்டும். மாதவிலக்கு நாளில் ஓட்டக்கூடாது என்றில்லை. என் மகளுக்குத் தாபோவில் வந்தது, ஓட்டினாள். உபயோகித்த நாப்கினை மலையில் எறியாமல் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.

கர்ப்பிணிகள் இந்த உயரத்துக்குப் போகவே வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது. உயர நோய்க்கு முன்கூட்டியே கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையையும் தானாக வாங்கிப் போடாதீர்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்ட ஆயாவுக்கு என் மகள் டெர்வ்லா மர்ஃபி கதையைச் சொல்லியிருந்தாள். அயர்லாந்துக்காரி. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை வருஷக்கணக்கில் கவனித்துக்கொண்டவர். அம்மா இறந்த பிறகு, 1963 ஜனவரியில், முப்பத்தொரு வயதில் சைக்கிளில் புறப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் இமாசலத்துத் தரம்சாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்குப் பணிவிடையும் செய்தார். ஆயாவுக்குச் சைக்கிள் பிடிக்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டது பிடித்திருந்தது.

கடைசிப் பகுதிதான் நிஜமான கரடுமுரடு. லோசரில் தங்கி, குன்சும் கணவாய், 4,551 மீட்டர், ஏறி இறங்கினால் பாதல். அங்கிருந்து சத்ரு வழியாக கிராம்பு வரை ரோடு என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். உருண்டைக்கல், மணல், நடுவிலே பனி உருகி ஓடும் ஓடைகள். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் மத்தியானம் இடுப்பளவு இழுக்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பெரிய ஓடையில் என் மகள் இறங்கி, சைக்கிளைத் தண்ணீர் வரும் பக்கம் விடாமல், தனக்குக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு கடந்தாள். மேல்பக்கம் பிடித்தால் வெள்ளம் சைக்கிளை நம் மேலேயே தள்ளிவிடும். அக்கரையில் நின்று விறைத்த காலைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, அந்த எள்ளுருண்டை மிச்சம் இருக்கா?" என்று கத்தினாள். ஒன்றே ஒன்று இருந்தது. ஜீப் டிரைவர் அதன்மேல் கண் வைத்திருந்தார்.