எழுதிய கருவி ஒன்று, வந்த கருவி வேறு

நம் சங்க அங்கத்தினர்கள் சரக்கு அறிந்தவர்கள். 80-ஆம் நம்பர் நூலுக்குப் பணம் கட்டி 60-ஆம் நம்பர் நூல் வந்தால், கட்டைப் பிரித்தவுடன் நெசவாளரின் விரல் அதைக் கண்டுகொள்ளும். விதை மூட்டையில் வேறு ரகத்தின் சீட்டு இருந்தால் விவசாயி அதை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார். அத்தகையவர்களே வீட்டு நோயாளிக்கு மருத்துவக் கருவி வாங்கும்போது, வந்ததைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். டாக்டர் எழுதியது ஒன்று, கடைக்காரர் அனுப்பியது வேறு என்பது சில நாள் கழித்தே தெரிகிறது. கேட்டால், “இரண்டும் ஒன்றுதான், இது இன்னும் நல்லது” என்ற பதில் வருகிறது. ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் இதைக் குறித்து நம்மிடம் வினவுவோர் உண்டு. ஆகையால் இதனைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

இரண்டும் ஒன்றுதானா?

பஞ்சுத் தூசியிலும் களத்துத் தூசியிலும் உழைத்தவர்களுக்கு நுரையீரல் நோய் புதிதன்று. அந்நோய்க்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கருவிகளை உதாரணமாகக் கொள்வோம்.

சி-பேப் என்னும் கருவி, அறையிலுள்ள காற்றையே ஒரே அழுத்தத்தில் முகமூடி வழியாகச் செலுத்துவது. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவோருக்கு, அத்தொண்டையைத் திறந்து வைத்திருப்பதே இதன் வேலை. பை-பேப் என்பது மூச்சை இழுக்கும்போது உயர்ந்த அழுத்தமும் விடும்போது தாழ்ந்த அழுத்தமும் தருவது. மூச்சுத் தசைகள் களைத்து, இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு இந்த இரு அழுத்தங்களின் வேறுபாடே மருந்து. அவருக்குப் பை-பேப்புக்குப் பதிலாகச் சி-பேப் தந்தால், கருவி ஓடும், காற்றும் வரும். ஆனால் வேண்டிய உதவி கிடைக்காது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே பெட்டி போலவே இருப்பதால் வீட்டார் ஐயுறுவதும் இல்லை.

ஆக்சிஜன் செறிவூட்டியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. இது காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்கி, ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஆக்சிஜனைத் தருவது. நிமிஷத்திற்கு 5 லிட்டர், 10 லிட்டர் என இதற்கு அளவுகள் உண்டு. கையில் எடுத்துச் செல்லும் சிறிய செறிவூட்டிகளில் பல, நோயாளி மூச்சை இழுக்கும் கணத்தில் மட்டும் ஆக்சிஜனை விடுபவை. அவற்றில் ‘2’ என்னும் எண்ணில் வைத்தால் நிமிஷத்திற்கு 2 லிட்டர் என்று பொருளன்று. இடைவிடாத 2 லிட்டர் எழுதப்பட்டவருக்கு அச்சிறு கருவியைத் தந்துவிட்டு, “எண் சரியாகவே இருக்கிறது” என்று சொல்வது நியாயமாகாது.

எந்த மாற்றம் தகும்?

எல்லா மாற்றமும் மோசடி என்று நாம் கூறவில்லை. எழுதிய கம்பெனியின் சரக்கு கையிருப்பில் இல்லாதிருக்கலாம். வகையும், வேலை செய்யும் முறையும், அளவும் ஒத்திருந்து பெயர் மட்டும் வேறானால், டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் ஒத்திருக்கிறதா என்று தீர்மானிப்பவர் டாக்டரே. விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். அந்த ஒப்புதல் கருவி வருவதற்கு முன்னரே, எழுத்தில் இருக்க வேண்டும். விலை குறைந்த கருவியானால் விலை வித்தியாசமும் பட்டியலில் குறைய வேண்டும்.

சட்டம் கூறுவது

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. விவரம் கூறி வாங்கிய சரக்கு அவ்விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. இன்ன உபயோகத்திற்கு என்று தெரிவித்து, விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், சரக்கு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. டாக்டரின் சீட்டைக் கடையில் கொடுத்து வாங்குவோர் இவ்விரண்டின் பாதுகாப்பையும் கோரலாம்.

ஆயினும் அங்கத்தினர்கள் முக்கியமாக அறிய வேண்டியவை 41, 42-ஆம் பிரிவுகள். சரக்கைப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புப் பெறும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார். ஆனால் ஏற்றுக்கொண்டேன் என்று அவர் தெரிவித்தாலோ, தமது சொந்தச் சரக்குப் போல் அதைக் கையாண்டாலோ, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்திற்கு மேல் வைத்திருந்தாலோ ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். மாறி வந்த நூலைப் பாவாக ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கருவியும் அப்படியே. ஏற்ற பின்னும் நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு. சரக்கையே தள்ளிவிடும் உரிமைதான் நழுவிவிடுகிறது. ஆகையால் இங்கு மௌனம் நமக்குப் பகை.

மறுத்த சரக்கை நாமே சுமந்து சென்று திருப்பித் தர வேண்டுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஏற்க மறுக்கிறோம் என்று தெரிவித்தால் போதும் என்கிறது 43-ஆம் பிரிவு.

வாசலில் செய்ய வேண்டியவை

முதலாவது, டாக்டரிடம் கருவியின் பெயரை மட்டும் எழுதி வாங்காமல், அதன் வகை, அழுத்தம் அல்லது லிட்டர் அளவு, முகமூடியின் வகை, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஆகியவற்றையும் எழுதி வாங்குக. மாற்றவே கூடாதது எது என்றும் கேட்டுக்கொள்க.

இரண்டாவது, பட்டியலிலும், பெட்டியின் மேலும், கருவியின் உடலிலும் உள்ள மாடல் எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றா என்று பார்க்க. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் வேண்டும்.

மூன்றாவது, கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லி, எழுதிய அளவில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. செறிவூட்டியானால், எழுதிய லிட்டரில் சிறிது நேரம் ஓடிய பின் ஆக்சிஜன் அளவை மானியால் காட்டச் சொல்லுக. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் காட்டும் எண் பல கருவிகளில் உண்டு. புதிது என்று வந்த கருவியில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் புதிதன்று என்பது விளங்கும்.

நான்காவது, இவை முடியுமுன் “சரியாகப் பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்திட வேண்டாம். கையெழுத்து இன்றியமையாததானால், “சோதனைக்கு உட்பட்டுப் பெற்றேன்” என்று எழுதுக.

மாறியிருந்தால் அன்றே பின்வருமாறு எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்க:

“டாக்டர் எழுதிய கருவி இது, தாங்கள் இன்ன தேதியில் அனுப்பிய கருவி, மாடல் எண் இன்னது. இது எழுதியபடி இல்லாமையால் நாங்கள் ஏற்கவில்லை. எழுதிய கருவியைத் தருக, அல்லது பணத்தைத் திருப்பித் தருக.”

ஒன்று கவனிக்க. சண்டை தீரும்வரை நோயாளி மூச்சுக்குத் துணையின்றி இருக்கலாகாது. உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். வந்த கருவியையே தற்காலிகமாக உபயோகிக்கலாம் என்று அவர் சொன்னால், அவர் சொற்படி உபயோகித்து, “தற்காலிகமாக மட்டுமே; ஏற்றுக்கொள்ளவில்லை” என்று கடைக்கும் எழுதுக. அது தகாது என்று அவர் சொன்னால் ஆஸ்பத்திரியே இடம்.

மறுத்தால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிடில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்திற்கு மனுச் செய்யலாம். கடை வெளியூரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையானால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கருவியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்திற்கு 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

சங்கத்திற்கும் இதில் பங்கு உண்டு. கருவிக்காக அங்கத்தினருக்குக் கடன் தரும் சங்கம், டாக்டர் சீட்டின் நகலை விலைப்பட்டியலோடு சேர்த்து வைத்து, மாடல் எண் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே மீதித் தொகையைக் கடைக்கு அனுப்பலாம். தனி மனிதரின் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடைக்காரர், மீதித் தொகை சங்கத்தின் கையில் இருக்கும்போது தயங்கமாட்டார். கருவி தெரிந்த இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால், பெட்டி திறக்கும் நேரத்தில் அவரை அழைத்துக்கொள்வதும் நன்று.

நூலுக்கு நம்பர் பார்க்கும் நாம் மூச்சுக்கும் நம்பர் பார்க்கப் பழகுவோமாக. மாறி வந்த நூலால் ஒரு சேலை கெடும். மாறி வந்த கருவியால் கெடுவது ஒரு வீடு.