பெனின் மாநகரம்



நான் பள்ளியில் பயின்ற காலத்தில், ஆப்பிரிக்காவை 'இருண்ட கண்டம்' என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். தேர்விலும் நான் அவ்வாறே எழுதினேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அங்கே காடு உண்டு, விலங்கு உண்டு. நகரமும் அரசும் கலையும் இல்லை என்பது என் உள்ளத்தில் பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் சென்றபின் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்துள் நுழைந்தேன். அங்கே வரிசை வரிசையாக நின்ற பித்தளைத் தகடுகளைக் கண்டதும் அந்த எண்ணம் தகர்ந்தது. மணிமாலை அணிந்த மன்னன், வாளேந்திய வீரர், கொம்பூதுவோர், சிறுத்தை, மீன் எனப் பல உருவங்கள் அவற்றில் புடைத்து நின்றன. சுவாமிமலை ஸ்தபதிகளின் உலைக்கூடத்தில் பல நாள் நின்று பார்த்தவன் நான். வார்ப்பு வேலையின் அருமை எனக்கு ஓரளவு தெரியும். இவற்றைச் செய்தவர் யார்? இவை இங்கே வந்தது எப்படி? இவ்விரு வினாக்களும் அன்று என் உள்ளத்தில் எழுந்தன. அவற்றிற்கு நான் கண்ட விடையே இன்றைய பேச்சு.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரிய நாட்டின் தென்பகுதியில் இருக்கிறது பெனின் நகரம். பக்கத்தில் பெனின் என்ற பெயருடன் ஒரு தனி நாடும் உண்டு. முன்பு தாகோமி எனப்பட்ட அந்நாடு, 1975-இல்தான் இப்பெயரைச் சூட்டிக்கொண்டது. நாம் பேசும் நகரமோ எடோ மக்களின் பழம்பெரும் தலைநகர். அவர்களுடைய அரசனுக்கு 'ஓபா' என்று பெயர்.

ஓபாக்களுள் புகழ் மிக்கவன் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட எவுவாரே. தலைநகரை விரிவாக்கி, அகழியும் மண்கரையும் அமைத்து வலுப்படுத்தியவன் அவன் என்பர். நகரைச் சூழ்ந்த உள் அகழியின் சுற்றளவு 11 கிலோமீட்டருக்கு மேல். பள்ளத்தின் அடியிலிருந்து கரையின் உச்சிவரை சில இடங்களில் 17 மீட்டர் உயரம் இருந்தது. எந்திரம் எதுவுமின்றி மனிதர் கைகள் அள்ளிக் குவித்த மண் அது!

எடோ மக்களுக்கு அந்நாளில் எழுத்து இல்லை. ஆயினும் வரலாறு இருந்தது. அதை அவர்கள் உலோகத்தில் வார்த்து வைத்தார்கள். ஓபா ஒருவன் மறைந்தால், அவன் மகன் தந்தையின் நினைவாகத் தலையுருவம் ஒன்றை வார்ப்பித்து முன்னோர் பீடத்தில் வைப்பான். அதன் உச்சியில் செதுக்கு வேலை நிறைந்த யானைத் தந்தம் நிற்கும். அரண்மனையின் மரத்தூண்களிலும் வீரச் செயல்களைக் காட்டும் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. டச்சுக்காரரான ஓல்பர்ட் டாப்பர் தாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்லாதவர். எனினும் சென்று வந்தோர் சொல்லக் கேட்டு, 1668-இல் வெளியிட்ட நூலில் இத் தூண்களைக் குறிப்பிட்டிருக்கிறார். எடோ மொழியில் 'நினைவில் வைத்தல்' என்பதைக் குறிக்கும் சொல்லே 'உலோகத்தில் வார்த்தல்' என்ற பொருளையும் தரும் என்பர் ஆராய்ச்சியாளர்.

வார்க்கும் முறை நமக்குப் புதியதன்று. களிமண்ணால் கரு அமைத்து, அதன்மேல் மெழுகு பூசி, மெழுகில் நுண்ணிய வேலைகளைச் செய்வர். பின்பு மீண்டும் களிமண்ணால் மூடிச் சுடுவர். மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்ட இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். நம் ஸ்தபதிகள் தெய்வத் திருமேனிகளைக் கெட்டியாக வார்ப்பர். பெனின் கலைஞர் தலையுருவங்களை உள்ளீடற்றவையாக, மெல்லிய தோல்போல் வார்த்தனர். முறை ஒன்றே, ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்றில்லை. இக் கலைஞர்கள் அரசனுக்கென்றே உழைத்த ஒரு குழுவினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் பெனினில் இகுன் தெருவில் உலை மூட்டுகின்றனர்.

உலோகம் எங்கிருந்து வந்தது? 1480-களில் போர்ச்சுகீசியர் கடல்வழியே வந்தனர். மிளகும் தந்தமும் அடிமைகளும் வாங்கி, 'மனில்லா' என்னும் வளைய வடிவான உலோகக் காப்புகளை விலையாகத் தந்தனர். அவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியைச் சேர்ந்தது என்று 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டுகிறது. காப்பு உருகிக் கலையாயிற்று. அந்தக் காப்புக்கு ஈடாக விற்கப்பட்டவர்களுள் மனிதரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு நகரின் பெருமையைப் பேசுவோர் அதன் கறையையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இனி இரண்டாம் வினா. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இப் பகுதியின் வாணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவர முயன்றனர். 1897 ஜனவரியில், ஓபா சடங்கு நோன்பில் இருப்பதால் இப்போது வரவேண்டாம் என்று தடுத்தும், பிலிப்ஸ் என்ற அதிகாரி பெனினை நோக்கிப் புறப்பட்டார். வழியில் அவரும் உடன் சென்றோரும் தாக்கப்பட்டனர். ஆங்கிலேயருள் இருவரே உயிர் தப்பினர். சுமை தூக்கி வந்த ஆப்பிரிக்கர் பலரும் மாண்டனர். அடுத்த மாதமே ஆங்கிலப் படை பழிவாங்க வந்தது. பிப்ரவரி 18-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. சில நாட்களில் தீ பரவி அரண்மனையை அழித்தது. ஓபா ஒவோன்ராம்வென் கலபார் நகருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914-இல் அங்கேயே இறந்தான். ஆயிரக்கணக்கான வார்ப்புகளும் தந்தங்களும் கப்பலேறின. பல ஏலத்தில் விற்கப்பட்டு, ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறின.

அவற்றைக் கண்ட ஐரோப்பியர் சிலர், 'இவற்றை ஆப்பிரிக்கர் செய்திருக்க முடியாது' என்றனர். பெர்லின் அறிஞர் பெலிக்ஸ் வான் லூஷன் மட்டும், ஐரோப்பாவின் தலைசிறந்த வார்ப்புகளுக்கு இவை எள்ளளவும் குறைந்தவை அல்ல என்று துணிந்து கூறினார். ஆனால் அவரும் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக இவற்றை நிறைய வாங்கிக் குவித்தவரே.

பறிகொடுத்தவர் மறக்கவில்லை. 1977-இல் லாகோஸ் நகரில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு, அரசன் எசிகியேயின் தாயான இதியாவின் தந்த முகமூடியையே சின்னமாகக் கொண்டனர். மூல முகமூடி இலண்டனில் இருந்தது, இரவலாகவும் கிடைக்கவில்லை. பெனின் சிற்பி ஒருவர் புதிதாக ஒன்று செதுக்கித் தந்தார். பின்பு காலம் மெல்ல மாறிற்று. 2022-இல் ஜெர்மனி, 1,100-க்கு மேற்பட்ட பொருள்களின் உரிமையை நைஜீரியாவிடம் ஒப்படைக்க இசைந்து, முதல் தொகுதியை அவ்வாண்டே கொடுத்தது. 2025-இல் நெதர்லாந்து 119 பொருள்களைத் திருப்பித் தந்தது. நான் கண்ட தகடுகளுக்கு மட்டும் இன்னும் விடுதலை இல்லை. 1963-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது.

திருப்பித் தந்தால் அங்கே காக்க வல்லவர் உண்டா என்று கேட்போர் உளர். நாடு விட்டு நாடு சென்ற நம் செப்புத் திருமேனிகளைத் திரும்பக் கேட்கும் நாம், அக் கேள்வியின் கூர்மையை அறிவோம். தன் முன்னோரின் முகத்தைக் காண, எடோ மாணவன் ஒருவன் கடல் கடந்து இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நானோ, ஓய்வாகச் சென்ற ஒரு பிற்பகலில் அதைக் கண்டுவிட்டேன். இது நேர்மையா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

என் பழைய தேர்வுத்தாளை மீண்டும் எழுத நேர்ந்தால், 'இருண்ட கண்டம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, இகுன் தெருவில் எரியும் உலையைப் பற்றி எழுதுவேன். மதிப்பெண் குறைந்தாலும் கவலையில்லை.