தொட்டால் ஒட்டாத நோய்

கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிந்து என்னிடம் வந்தார் ஒரு கல்லூரி இளைஞர். முழங்கையிலும் முதுகிலும் வெள்ளிநிறச் செதில்கள். காளாஞ்சகப்படை, அதாவது சொரியாசிஸ். தோலின் அடியில் தோன்றும் அணுக்கள் மேலேறி உதிர ஏறத்தாழ ஒரு மாதமாகும். இந்நோயிலோ சில நாட்களிலேயே மேலேறிக் குவிந்துவிடுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் நிலைதடுமாறுவதே காரணம். 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் இதனைத் தொற்றாநோயென்றே குறித்தது.

மருந்தெழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். நாள்தோறும் குளித்தவுடன் களிம்பு தடவுவதும், சற்றுத் தணிந்ததும் தாமாக மருந்தை நிறுத்திவிடாதிருப்பதுமே கடினம். முதுகுக்குக் கை எட்டவேண்டுமே! விடுதித் தோழரை அழைத்து வரச் சொன்னேன். வந்தவர் தயங்கினார். அவர் கண்ணெதிரே வெறுங்கையால் அப்படையைத் தொட்டுக் காட்டினேன்.

மறுமாதம் இருவரும் வந்தனர். களிம்பு தீர்ந்துவிட்டதென்று முதலில் சொன்னவர் தோழர்தாம்.