குழாயை வெட்ட எதை எடுக்கணும்?

மாடிக்கு ஷீட் கூரை போடுறவங்க கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: பைப்பை எதால வெட்டுறது?

எங்க திருவட்டாறுல இது சின்ன விஷயம் இல்ல. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் இங்க பெய்யும். வெட்டின ஓரத்தைக் கவனிக்காம விட்டா துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஜிஐ பைப்புங்கறது துத்தநாகம் பூசின இரும்பு. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ்ல உருகும், 907-ல ஆவியாகும். கிரைண்டர்ல வெட்டும்போது வர்ற சூட்டுல, வெட்டுக்கு ரெண்டு பக்கமும் பூச்சு கொஞ்சம் போயிடும். பறக்கிற பொறி கலர் ஷீட்ல விழுந்தா, அங்கயும் புள்ளி புள்ளியா துரு பிடிக்கும். அதனால ஷீட் ஏத்துறதுக்கு முன்னாடியே, கீழ வச்சு வெட்டி முடிச்சிடுங்க.

நாலஞ்சு வெட்டுதான்னா ஹேக்ஸா போதும். கடையில சும்மா "பிளேடு குடுங்க"ன்னு கேக்காதீங்க, பல் கணக்கு சொல்லிக் கேளுங்க. அங்குலத்துக்கு 18 பல் இருந்தா, பல்லுக்குப் பல் இடைவெளி 1.4 மில்லிமீட்டர். பைப்போட சுவரே ஒன்றரை மில்லிமீட்டர்தான்னா, சுவர் மேல ஒரு நேரத்துல ஒண்ணு ரெண்டு பல்தான் படும், பல் மாட்டி உடையும். மெல்லிய பைப்புக்கு 32 பல் எடுங்க.

நாப்பது ஐம்பது வெட்டு, எல்லாம் ஒரே அளவு, நேரா வரணும்னா 14 அங்குல கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுங்க. கை கிரைண்டர், ஏற்கெனவே மாட்டின பைப்பை அறுக்கத்தான் சரி. அது நிமிஷத்துக்கு 11,000 சுத்து பக்கம் சுத்தும். அதோட கார்டைக் கழட்டாதீங்க, கண்ணாடி போடுங்க, தோள்ல துண்டோட கிட்ட போகாதீங்க.

ஏசியோட செம்புக் குழாய்க்கு மட்டும் ஹேக்ஸா வேண்டாம். தூள் உள்ள போனா கம்ப்ரசர் வரைக்கும் போகும். சக்கரம் வச்ச பைப் கட்டர்தான் அதுக்கு. அது ஓரத்தை உள்பக்கமா மடக்கி விடும். குழாயோட வாயைக் கீழ்நோக்கிப் பிடிச்சு ரீமரால சுரண்டி எடுங்க. சதுர பைப்புக்கு இந்தக் கட்டர் ஆகாது, ஏன்னா சக்கரம் சுத்தி வர வட்டம் வேணும்.

எதால வெட்டினாலும் பிசிரை அரத்தால தேய்ச்சு, வெல்டிங் எல்லாம் முடிஞ்சதும் ஜிங்க் பெயின்ட் அடிங்க. மழைக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை அது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.